கை நனைக்காத லேப்டாப்

சௌந்தரபாண்டியன் வீட்டுக் கரண்டைத் தொட மாட்டேன் என்று அவர் மகளுடைய லேப்டாப் அடம்பிடித்த அந்தப் பங்குனி மாதத்தில், மற்றபடி அந்தத் தெருவில் எல்லாம் எப்போதும் போலத்தான் நடந்துகொண்டிருந்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி விடிகாலையிலேயே கரகரத்தது, வெயில் தார் ரோட்டை இளக்கிச் செருப்பைப் பிடித்து இழுத்தது, அவர் வீட்டில் ஃபேன் ஓடியது, மிக்ஸி ஓடியது, டிவியில் மாமியாரும் மருமகளும் மாறி மாறி அழுதார்கள், அந்த லேப்டாப் ஒன்றுதான் வாயைத் திறக்கவில்லை.

சௌந்தரபாண்டியன் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற ஆளாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். விருதுநகருக்குத் தெற்கே இருக்கிற அந்தச் சின்ன டவுனில் அவர் கை படாத கம்பம் கிடையாது. மழைக்காலத்தில் கரண்டு போனால் ஆபீசுக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஜனங்களுக்குப் பழக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஊருக்கே வெளிச்சம் கொடுத்த மனுஷன் என்று கோயில் விழாவில் யாரோ மைக்கில் சொன்னதை, அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எல்லா விருந்தாளிகளுக்கும் அவர் சொல்லிவிட்டார். தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை, எல்லோருக்கும் போர்மேன்தான்.

லேப்டாப் மூன்று வருடமாகப் பீரோவுக்கு மேலே ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. அதன் சொந்தக்காரி, ஒரே மகள் மீனலோசனி, சென்னையில் இருந்தாள். அம்மா பஞ்சவர்ணத்தோடு வாரத்துக்கு நாலு தடவை போனில் பேசுவாள், அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்பாள், அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று அம்மா கேட்டால் மட்டும் அந்தப் பக்கம் ஏதோ அவசர வேலை வந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒருநாள் அம்மாவிடம் அந்த லேப்டாப்பைக் கேட்டாள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிற பெரிய வேலை ஒன்று கைக்கு வருகிற மாதிரி இருக்கிறதாம், புத்தகம் போடுகிறவர்கள் இதுவரை வரைந்ததையெல்லாம் காட்டச் சொல்கிறார்களாம், அந்தப் படங்கள் முழுக்க அதற்குள்தான் இருக்கின்றனவாம், சீக்கிரம் அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டாளாம். பஞ்சவர்ணம் இதைச் சொன்னபோது போர்மேன் இட்லியைப் பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தில் அந்த வீட்டிடம் மகள் கேட்ட முதல் பொருள் அது.

சும்மா அனுப்பிவிடுவதா என்று அவருக்குத் தோன்றியது. துடைத்து, தூசி தட்டி, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, அவள் திறந்த உடனே பளிச்சென்று வெளிச்சம் வருகிற மாதிரி அனுப்ப வேண்டும். அப்பா ஏற்றிவைத்த வெளிச்சம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சார்ஜரைச் சுவரில் சொருகினார். சார்ஜரில் விளக்கு எரிந்தது, லேப்டாப் ஓரத்தில் எரிய வேண்டிய பொட்டு விளக்கு எரியவில்லை.

பிறகு அந்த மனிதர் செய்ததெல்லாம் முறையாகத்தான் செய்தார். டெஸ்டரை வைத்துப் பிளக் பாயிண்டைப் பார்த்தார், கரண்டு இருந்தது. மல்டிமீட்டரை எடுத்துச் சார்ஜர் முனையில் வைத்தார், வர வேண்டிய வோல்டேஜ் வந்தது. எர்த்தைப் பார்த்தார், பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சுரண்டிப் போட்டார், அடுப்படிப் பாயிண்டில் போட்டார், பூஜையறைப் பாயிண்டில் போட்டார், லேப்டாப்பின் சொருகுகிற ஓட்டையைப் பஞ்சு வைத்துத் துடைத்தார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார், பவர் பட்டனை விரல் வலிக்க அமுக்கிப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. சரி, பேட்டரி செத்துவிட்டது என்று பஜாரில் சிக்கந்தர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். சிக்கந்தர் அதை வாங்கி மேஜையில் வைத்துத் தன் கடைப் பாயிண்டில் சொருகியதும் பொட்டு விளக்கு எரிந்தது, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் நாலில் ஒரு பங்கு ஏறிவிட்டது. பேட்டரி கல்லு மாதிரி இருக்கு ஐயா, உங்க வீட்டு லைனைப் பாருங்க என்று சிக்கந்தர் சொன்னான். போர்மேனைப் பார்த்து ஒருவன் உங்க வீட்டு லைனைப் பாருங்க என்று சொல்லிவிட்டான். அவர் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் மறுபடியும் சொருகினார். திரை நன்றாக எரிந்தது, ஆனால் சொருகியிருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை என்று எழுத்து வந்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மாவு அரைத்து விற்கிற பாக்கியத்திடம் கேட்டு அவள் வீட்டுப் பாயிண்டிலிருந்து நீள வயர் இழுத்து, தன் வீட்டுக் கூடத்தில் வைத்தே சொருகினார், ஏறியது. அப்படியானால் இடத்தில் குற்றமில்லை. அடுத்து லேப்டாப்பைப் பாக்கியத்தின் வீட்டு மாவு மேடையில் வைத்துவிட்டுத் தன் வீட்டுப் பாயிண்டிலிருந்து வயரை அங்கே இழுத்துச் சொருகினார், ஏறவில்லை. ஒரே கம்பத்திலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் லைன் பிரிகிறது, அந்த லைனைப் பிரித்தவரே அவர்தான். அதே கரண்டு அவர் வீட்டு மீட்டரைத் தாண்டி வந்தால் லேப்டாப்புக்கு ஆகவில்லை. போர்மேன் அந்த மாவு மேடைக்கு முன்னால் வயரும் கையுமாக நின்றார்.

கிரைண்டரை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியம், உளுந்து ஒட்டியிருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஆச்சரியமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அண்ணே, இது ரிப்பேரு இல்ல. உங்க வீட்ல கை நனைக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

அந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள், கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மனஸ்தாபம் வந்துவிட்டாலோ ஒரு வாய்த் தண்ணீர்கூட அந்த வீட்டில் இறங்காது. தெருமுனையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கிணற்றுப் பங்கில் முறைத்துக்கொண்டு, தங்கள் தாயார் செத்த அன்றைக்குக்கூட ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடிக்காமல் டீக்கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து அழுதார்கள். இப்படிப்பட்ட தெருவில் ஒரு லேப்டாப் ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால் அதில் வியக்க என்ன இருக்கிறது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது, பாவம், ரோஷக்காரப் பொருள் என்று எல்லோரும் சொன்னார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த வீட்டு ஜன்னல்கள் தெருவைப் பார்த்தவை, மூன்று வருடத்துக்கு முந்தின அந்த மத்தியானத்தை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

அப்போது மீனலோசனி சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து, அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப்பைச் சுவரில் சொருகிக்கொண்டு காலையிலிருந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மாதச் சம்பளம் வராத ஒன்றை வேலை என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சிவகாசிப் பக்கமிருந்து ஒரு நல்ல இடம் பெண் பார்க்க வந்தது. பேசி முடித்த பிறகுதான் சாப்பாடு என்பது முறை, ஆனால் நல்ல இடம் கை நழுவிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் போர்மேன் மகளை ஒரு வார்த்தை கேட்காமலே இலையைப் போட்டுவிட்டார், வந்தவர்களும் வற்புறுத்தலுக்குக் கட்டுப்பட்டுக் கை நனைத்துவிட்டார்கள். அவர்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மீனலோசனி முன்னால் வந்து, எனக்குச் சம்மதமில்லை, என்னை யாரும் கேட்கவில்லை, உங்களைச் சிரமப்படுத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர்கள் போன பிறகு, ஒன்றுமே சாப்பிடாமலிருந்த மகளை இழுத்து உட்காரவைத்துப் பஞ்சவர்ணம் சோறு போட்டாள். அவள் முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் போர்மேன் அதைச் சொன்னார்.

"என் சோத்தத் தின்னு, என் கரண்டத் தின்னு, என்னையே சந்தியில நிறுத்துறியா?"

மீனலோசனி வாயிலிருந்ததை விழுங்கினாள். எழுந்து கை கழுவினாள். சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி, லேப்டாப்போடு சேர்த்து அவர் கட்டிலில் வைத்தாள். இனிமே இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்ப்பா என்று சொன்னாள், சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் அவர் அன்றைக்கே இறங்கி வந்திருப்பார். அவள் அழவில்லை என்பதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டார்.

இப்போது லேப்டாப் விஷயம் தெருவின் விஷயமாகிவிட்டது. சண்டை போட்ட வீட்டுப் பிள்ளையை அக்கம்பக்கத்தார் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுவார்களே, அந்த மாதிரி ஆளுக்கொரு நாள் அதைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சார்ஜ் ஏற்றினார்கள். டெய்லர் வீட்டில் வேகமாக ஏறியது என்று டெய்லர் சொல்ல, எங்கள் வீட்டில் அதைவிட வேகமாக ஏறியது என்று வாத்தியார் வீட்டில் சொல்ல, அதில் ஒரு சின்னப் போட்டியே நடந்தது. ஒரு வீட்டில் அதற்குத் திருநீறு பூசினார்கள், ஒரு வீட்டில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள், ஃபேனுக்கு நேராக வைங்கடி, புழுங்கும் என்று ஒரு வீட்டில் மாமியார் அதட்டினாள். கிணற்றுப் பங்காளிகள் இரண்டு பேர் வீட்டிலும் அது ஏற்றிக்கொண்டது, அதில் அவர்கள் இருவருக்கும் ஏமாற்றம். போர்மேன் வீட்டுக்குத் திரும்பிவந்தால் மட்டும் பொட்டு விளக்கு அணைந்துவிடும். அவர் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து சொருகிப் பார்ப்பார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார், பிடுங்கி வைத்துவிடுவார்.

எங்க வீட்ல ஏத்தித் தாரேன், அப்படியே பார்சல்ல போட்டு விடுங்கண்ணே, பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்ல என்று பாக்கியம் இரண்டு மூன்று தடவை சொன்னாள். போர்மேன் ஒப்புக்கொள்ளவில்லை. பெற்ற வீட்டிலிருந்து பெண்பிள்ளையோ பெண்பிள்ளையின் பொருளோ வெறும் வயிற்றோடு கிளம்பக் கூடாது, அடுத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது அதைவிடக் கேவலம், என் வீட்டில் ஒரு வாய் ஏற்றிக்கொண்டுதான் அது படியிறங்கும் என்று சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தெருவுக்கும் பட்டது. அந்தத் தெருவுக்கு எப்போதும் முறைதான் முக்கியம், அவசரம் அப்புறம்தான். மீனலோசனியிடமிருந்து போன் வரும்போதெல்லாம் பஞ்சவர்ணம் வந்து, அனுப்பியாச்சா என்று கேட்கிறாள், என்ன சொல்லட்டும் என்பாள், அவர் இந்தா நாளைக்கு என்பார்.

கடைசியில் சமாதானம் பேசுவது என்று முடிவானது. தாய்மாமன் வந்து கூப்பிட்டால் மறுக்காது என்று வாத்தியார் யோசனை சொன்னார். சாத்தூரிலிருந்து பஞ்சவர்ணத்தின் அண்ணன் ஆவுடையப்பன் ஒரு தட்டு நிறைய வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மடித்த பொட்டலத்தில் சேவு என்று கொண்டு வந்து இறங்கினார். கூடத்தில் நாற்காலி போட்டு, அதன்மேல் புதுத் துண்டு விரித்து, லேப்டாப்பை வைத்தார்கள். தெருவே உள்ளே வந்து சுவரோரம் நின்றது. ஆவுடையப்பன் தட்டை நாற்காலிக்கு முன்னால் வைத்து, ஆத்தா, மாமன் வந்திருக்கேன், மாமன் முகத்துக்காக ஒரு வாய் ஏத்திக்க, உங்கப்பன் வாய்தான் பொல்லாதது, மனசு வெள்ளை என்று சொன்னபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு எல்லோரும் போர்மேனைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அன்றைக்கு ஏதோ கோபத்தில் வார்த்தை வந்துவிட்டது, அது தப்புதான் என்றார், அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பெற்றவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை கிடையாதா என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். ஆவுடையப்பன் சார்ஜரைச் சொருகினார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, பொட்டு விளக்கு எரியவில்லை. சேவுப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கச் சொன்னால் மனுஷன் உரிமை கேட்கிறார் என்று முணுமுணுத்தபடி தெரு வெளியே போனது.

எல்லோரும் போன பிறகு தட்டை எடுக்க வந்த பஞ்சவர்ணம், கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து ஒரு குறை சொல்லியிராதவள், அன்றைக்குச் சொன்னாள்:

"வார்த்தைய விட்டது பிள்ளைகிட்ட. மன்னிப்புக் கேக்குறது பொட்டிகிட்டயா?"

அவள்தான் என்னோடு பேசுவதில்லையே, எப்படிக் கேட்பது என்று அவர் எரிந்து விழுந்தார். சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்த பிறகு, மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடத் தான் அவள் நம்பரை அழுத்திப் பார்த்ததில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பேச மாட்டாள் என்று அவரேதான் முடிவு செய்திருந்தார்.

அதற்குப் பிறகும் அவர் நாலைந்து நாள் கடத்தினார். இன்னொரு மின்னிணைப்பு வாங்கி, புது மீட்டர் வைத்து, பஞ்சவர்ணத்தின் பெயரில் எழுதினால் ஏறுமா என்றுகூட யோசித்தார், தெருவில் அதற்கும் ஆதரவு இருந்தது. ஒருநாள் காலையில், பஞ்சவர்ணம் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலமும் போன் வந்தது, அப்போதும் கேட்கவில்லை. அவர் தானாகப் போய், நாளைக்கு எப்படியும் அனுப்பிவிடலாம் என்றார். இனிமேல் அவசரமில்லை என்று சொல்லிவிட்டாள் என்று பஞ்சவர்ணம் அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். அவருக்கு உடனே புரியவில்லை, புரிந்ததும் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டார். கம்பத்தின் உச்சியில் நிற்கும்போதுகூட அவர் அப்படி எதையும் இறுக்கிப் பிடித்ததில்லை.

அன்றைக்கே லேப்டாப்பைப் பாக்கியத்தின் வீட்டில் கொடுத்தார். முழுக்க ஏறட்டும்மா என்று மட்டும் சொன்னார், முறை எதையும் பேசவில்லை. மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார், வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

குரோம்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் மீனலோசனி ஒரு சிநேகிதியோடு தங்கியிருந்தாள். கதவைத் திறந்தவள் அவர் கையிலிருந்த லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, வாங்கப்பா என்றாள். மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், அவள் கண்ணாடி போட்டது அவருக்குத் தெரியாது. சுவரெல்லாம் படங்கள் ஒட்டியிருந்தன, யானைகளும் தவளைகளும் பாவாடை கட்டின எலிகளும். இதற்கா என் கரண்டு போனது என்று ஒரு காலத்தில் அவர் கேட்ட அதே மாதிரிப் படங்கள். அவர் லேப்டாப்பை நீட்டினார். அவள் வாங்கி, ஒரு பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, மேஜையில் வைத்துச் சொருகினாள். பொட்டு விளக்கு எரிந்தது.

"அந்த வேலை வேற ஆளுக்குப் போயிருச்சுப்பா," என்றாள் அதைப் பார்த்துக்கொண்டே. குரலில் கோபம் இல்லை, செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ரயிலில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு அவர் சொன்னார்:

"உன்னக் கேக்காம எலையப் போட்டது தப்பு. சோத்துல கை வச்சிருக்கும்போது சொல்லிக்காட்டுனது அதவிடத் தப்பு. இந்தப் பொட்டிய அன்னைக்கே அனுப்பியிருக்கணும், அதுலயும் என் கவுரவத்தப் பாத்துட்டேன். என்ன மன்னிச்சிரு ஆத்தா."

அவள் தலையை ஆட்டினாள். சரிப்பா, சாப்பிடுங்க என்று சொல்லித் தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, அப்பளம் வைத்தாள். அவர் கை நனைத்தார். மகள் சம்பாதித்த சோறு தொண்டையில் இறங்க இறங்க அவருக்குக் கண்ணீர் வந்தது, காரம் அதிகமோ என்று அவள் கேட்டாள், ஆமா என்றார்.

தை பிறந்ததும் மீனலோசனி ஊருக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வந்து சேர அவளுக்கு ஒரு மணி நேரமானது, அத்தனை வீட்டுக்காரர்களும் வாசலில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள், உன் பொட்டிக்கு நான்தான் முதல்ல போட்டேன் என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். மத்தியானம் பஞ்சவர்ணம் இலை போட்டாள். மீனலோசனி உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்து, சோற்றில் கை வைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தெரு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனது. இதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் சார்ஜ் போட்டு வைங்கப்பா, சாயங்காலம் வேலை இருக்கு என்றாள். போர்மேனுக்குக் காது குளிர்ந்துவிட்டது. உள்ளறைக்கு எடுத்துப்போய், கையைத் துடைத்துக்கொண்டு, சொருகினார். பொட்டு விளக்கு எரியவில்லை. பிடுங்கிச் சொருகினார், எரியவில்லை. கூடத்தில் அவள் அம்மாவிடம் வத்தக்குழம்பு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மனதார மன்னிக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறாள், மன்னித்துவிட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். உள்ளே எங்கேயோ, அவளுக்கே தெரியாத ஒரு இடத்தில், அந்த முதல் கவளம் இன்னும் இறங்காமல் இருக்கிறது. அதை அங்கே சிக்கவைத்தவர் அவர்தான், அதை எடுக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை.

கொல்லைப்பக்கமாகப் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் நீள வயரை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் கம்பி வழியாக வயரை இழுத்து, கட்டிலுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்து சொருகினார், பொட்டு விளக்கு எரிந்தது. சாயங்காலம் மகள் வந்து, ஏறிருச்சாப்பா என்றாள். ஏறிருச்சும்மா என்றார். எந்தச் செய்தியும் வாயில் தங்காத பாக்கியம் இந்த ஒன்றை மட்டும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவள் மறுபடியும் வந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அவர் கொல்லைப்பக்கம் போய் வயரை வாங்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்தபோது, மீனலோசனி லேப்டாப்பை அந்த வீட்டுப் பாயிண்டில் தானே சொருகிவிட்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஈரக் கையைச் சுடிதாரில்கூடத் துடைத்திருக்கவில்லை. வயரை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அவர் வாசற்படியில் நின்றார். போன தடவை ஜன்னல் கம்பியில் வயர் உரசின தடம் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், அல்லது அதெல்லாம் தேவைப்படாமலே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்த்தாள், அவர் கையிலிருந்த வயரைப் பார்த்தாள், பிறகு எரியாத அந்தப் பொட்டைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு வராத அழுகை.

"நானும் பாக்குறேன்ப்பா," என்றாள். "ஏற மாட்டேங்குது."

அவர் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பரவாயில்ல ஆத்தா என்று சொல்ல நினைத்தார், அதைச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. பிறகு அவர் பாக்கியம் வீட்டு வயரை அவளிடம் நீட்டினார், அவள் வாங்கிச் சொருகிக்கொண்டாள்.